கையிலிருக்கும் பேஸே போதுமா, மாற்ற வேண்டுமா? குமரி எல்லையில் வாசிப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் சந்தித்துக்கொண்டால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: "அண்ணே, இத வச்சே ஓட்டலாமா, மாத்தியே தீரணுமா?" கேட்பவர் ஆலயப் பாடகர் குழுவில் வாசிப்பவராக இருப்பார், அல்லது மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பகுதியில் ஏதாவது இன்னிசைக் குழுவில் இருப்பார், அல்லது உற்சவ காலத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கானமேளை எனும் மேடைப் பாட்டுக் கச்சேரிக்குப் போகிறவராக இருப்பார். அவரிடம் உள்ளது ஸ்குவையர் அஃபினிட்டி, இபனேஸ் ஜி.எஸ்.ஆர்., யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். போன்ற தொடக்கநிலை நான்கு கம்பிக் கருவி. அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை என்று அவரே சொல்வார். ஆனாலும் இரவில் கைப்பேசியைத் திறந்தால் வேறொரு பேஸின் படத்தில்தான் கண் நிற்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்குக் கையிலிருக்கும் கருவியே போதும். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். கருவி தடையாக இல்லை என்று உறுதியானபின் வரும் நிறைவு நிலைக்கும். காசில்லாததால் வரும் நிறைவு அடுத்த சம்பளம் வந்ததும் கலைந்துவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஐந்து அளவுகோல்களைப் பயன்படுத்துகிறேன். முதலாவது, கேட்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒலி எப்படிச் சென்று சேர்கிறது என்பது. வீட்டு அறையில் ஹெட்போனில் கேட்பது இதில் கணக்கில்லை. இரண்டாவது, நாம் வாசிக்கும் பாடல்கள் கேட்கும் சுரங்கள் அந்தக் கருவியில் இருக்கின்றனவா என்பது. மூன்றாவது, மூன்று மணி நேர நிகழ்ச்சிக்குப் பிறகு கையும் தோளும் என்ன நிலையில் இருக்கின்றன என்பது. நான்காவது, மொத்தச் செலவு. இதில் வாங்கும் விலையோடு பராமரிப்பும் போக்குவரத்தும் சேரும். ஐந்தாவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை: இந்த முடிவுக்குப் பிறகு நம் கவனம் வாசிப்புக்குத் திரும்புமா, அடுத்த பொருளுக்குத் தாவுமா என்பது.

தேர்வுகள் நான்கு. இருப்பதைச் சீர்செய்து வைத்துக்கொள்ளலாம்; பேஸைத் தொடாமல் அதற்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் உள்ளதை மாற்றலாம்; விற்றுவிட்டு மேலானது வாங்கலாம்; இருப்பதை வைத்துக்கொண்டே ஐந்து கம்பிப் பேஸ் ஒன்றைச் சேர்க்கலாம்.

## இருப்பதைச் சீர்செய்து வைத்துக்கொள்வது

'என் பேஸ் சரியில்லை' என்று சொல்பவரின் கருவியை வாங்கிப் பார்த்தால், அது கடையிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு யாராலும் செட்டப் (நெக், கம்பி உயரம், சுருதி ஆகியவற்றைச் சரிப்படுத்துவது) செய்யப்படாததாகவே பெரும்பாலும் இருக்கிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடையில் பங்குனி வெயில். காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது நெக்கின், அதாவது கருவியின் கழுத்தின், மரமும் அசைகிறது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து கம்பியையும், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளையும் துருவேற்றுகிறது. ஆகவே வாங்கியபோது சரியாக இருந்த கருவி இன்றும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சோதனையை வீட்டிலேயே செய்யலாம். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு), நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுகளுக்கு மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு இழுபடாமல் நுழைந்து வெளிவர வேண்டும், ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். கார்டு தாராளமாக ஆடினால் நெக் முன்புறம் வளைந்திருக்கிறது. நுழையவே இல்லை என்றால் பின்னோக்கி வளைந்திருக்கிறது. இரண்டையும் நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடு என்ற உலோகத் தண்டு சரிசெய்யும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. திருப்பிய பிறகு மரம் அமைய நேரம் கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது கம்பியின் உயரம். ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ்களுக்குச் சொல்லும் தொடக்க அளவுகளில் ஒன்று, 17ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பிப் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் சுமார் 2 மி.மீ. இதைவிட வெகு உயரத்தில் கம்பி நிற்கும் கருவியில் வாசித்துவிட்டு, விரல் வேகமாகப் போகவில்லை என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு இன்டொனேஷன், அதாவது நெக்கின் எல்லா இடத்திலும் சுருதி சேர்வது: 12ஆவது ஃபிரெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கையும், அதே ஃபிரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டான சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும்; குறைவாக இருந்தால் முன்னுக்கு.

இவ்வளவு செய்தும் சுருதி சேரவில்லை என்றால் கம்பி பழையதாக இருக்கலாம். அழுக்கும் தேய்மானமும் கம்பியின் எடையை அதன் நீளம் முழுவதும் ஒரே சீராக இருக்க விடுவதில்லை. அப்படிப்பட்ட கம்பியை எந்தச் சேடிலாலும் சுருதிக்குக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்தாலே அதன் ஆயுள் கூடும். மேற்பூச்சு உள்ள கம்பி விலை அதிகம், ஆனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு தகும். ஆலயத்தில் மட்டுமே வாசிப்பவருக்கு நான் சொல்வது ஃப்ளாட்வவுண்ட் கம்பி. சாதாரணக் கம்பியைவிட விலை கணிசமாகக் கூடும். ஆனால் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் அழுக்கு தங்குவது குறைவு, விரல் நகரும் கீச்சொலியும் இல்லை, ஒலி உருண்டு திரண்டு வரும். கம்பியை மாற்றினாலே வேறொரு பேஸ் வாங்கியது போன்ற மாற்றம் தெரியும்.

இந்தத் தேர்வின் மறைமுகச் செலவு நேரம்தான். நட்டை (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள துண்டு) அராவுவது, ஃபிரெட்டைச் சமப்படுத்துவது போன்ற வேலைகளுக்குத் தேர்ந்த கை வேண்டும். அதற்குத் திருவனந்தபுரம் வரை போக நேரிடலாம், கருவியைச் சில நாள் அங்கேயே விட்டுவிட்டு வரவும் நேரிடலாம். நெக் முறுக்கிக்கொண்ட கருவிக்கு இந்த வழி உதவாது.

## பேஸுக்குப் பின்னால் உள்ளதை மாற்றுவது

என் கணிப்பில் நம் பகுதியில் பேஸ்மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பங்கு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. பல ஆலயங்களில் ஆம்ப் (பேஸுக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) கிடையாது. பேஸின் கேபிளை நேரே மிக்சரின் லைன் துளையில் சொருகிவிடுகிறார்கள். பேட்டரி இல்லாத, அதாவது பாசிவ் பேஸில் கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப், ஏறத்தாழ 1 மெகா ஓம் மின்மறுப்புள்ள உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. மிக்சரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம் அளவிலேயே இருக்கும். இந்தச் சுமையில் பிக்கப்பின் மேல் அதிர்வெண்கள் மடிந்துபோகின்றன, அளவும் தாழ்கிறது. கேட்பவருக்கு ஒரு மந்தமான முனகல் மட்டும் எட்டுகிறது. வாசிப்பவரோ தன் பேஸ் மலிவானது, அதனால்தான் இப்படி என்று முடிவு செய்துவிடுகிறார். அவர் எவ்வளவு விலையுயர்ந்த பாசிவ் பேஸைக் கொண்டுவந்து அதே துளையில் சொருகினாலும் அதே முனகல்தான் வரும்.

இதற்கு மருந்து ஓர் ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ்; பேஸின் குறியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி அது. நல்ல டி.ஐ. ஒன்று புதிய பேஸின் விலையில் சிறு பங்குதான். மிக்சரிலிருந்து 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரமோ உள்ளே ஒரு பேட்டரியோ அதற்கு வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஒலி பார்ப்பவரிடம் கேட்டுவைக்க வேண்டும். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் டெட்ராயிட் ஸ்டுடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் வாசித்த பேஸ் ஒலி பெரும்பாலும் நேரடி இணைப்பு வழியாகவே பதிவானது. 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்று, அதில் எளிதில் மாற்றாத ஃப்ளாட்வவுண்ட் கம்பி, வலக்கையில் பெரும்பாலும் ஒரே விரல். இவற்றோடு அந்த நேரடி இணைப்பும் சேர்ந்ததே உலகம் இன்றும் படித்துக்கொண்டிருக்கும் அந்த ஒலி.

ஆம்ப் விஷயத்தில் இயற்பியலைக் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும். நான்கு கம்பிப் பேஸின் தாழ்ந்த ஈ சுரம் 41 ஹெர்ட்ஸ். எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்ப் அந்த அடிப்படை அதிர்வை ஏறக்குறைய எழுப்புவதே இல்லை. 82, 123 ஹெர்ட்ஸில் வரும் மேலொலிகளைக் கேட்டு நம் காதுதான் அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. ஆகவே சிறிய ஆம்பில் பேஸ் மெலிந்து கேட்பதை வைத்துக் கருவியை எடைபோடக் கூடாது.

திருவிழா மைதானத்தில் நிலைமை நேர்மாறானது. மைக் செட்காரர் அடுக்கிவைத்திருக்கும் சப்வூஃபர்களில் அடியொலி பொங்கி வழிகிறது, டிரம்மும் பேஸும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. அங்கே பேஸின் அடிப்பகுதியைச் சற்றுக் குறைத்து, 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கொஞ்சம் ஏற்றினால் சுரம் தெளிவாகப் பிரிந்து வரும். உயரமான கான்கிரீட் கூரையுள்ள நம் பெரிய ஆலயங்களில் எதிரொலி நீண்டு நிற்கும். அங்கே சுரங்களைக் குறுக்கி வாசிப்பதும், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பான்ஞ்சைச் செருகுவதும் எந்தப் புதிய கருவியையும்விட நன்றாக வேலை செய்கின்றன. பழைய பிரிசிஷன் பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள்ளேயே இப்படி ஒரு ஸ்பான்ஞ்சு வைத்து விற்றார்கள்.

பெரிய ஆம்ப் வாங்குவதை இந்தத் தேர்வோடு சேர்க்க நான் தயங்குகிறேன். பேஸைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கிலோ பஸ்ஸிலோ போய்விடலாம். ஆம்புக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்த ஆட்டோக் காசை வாங்கும்போது யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

## விற்றுவிட்டு மேலானதை வாங்குவது

இது சரியான முடிவாகும் நிலைமைகள் உண்டு. நெக் முறுக்கிக்கொண்டு டிரஸ் ராடுக்கும் அடங்காமல் போயிருக்கலாம். ஃபிரெட்டுகள் தேய்ந்து, அவற்றை மாற்றும் கூலி கருவியின் பாதி விலையை எட்டலாம். கைக்குப் பொருந்தாத நெக்கும் நியாயமான காரணம்: ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வகையில் நட் அகலம் சுமார் 38 மி.மீ., பிரிசிஷனில் அது பெரும்பாலும் 41 மி.மீ.க்கு மேல். சிறிய கை உள்ளவருக்கு அந்த வித்தியாசம் முதல் நிலையில் வாசிக்கும்போதே தெரிந்துவிடும். கம்பியின் வழக்கமான 34 அங்குல நீளமே எட்டவில்லை என்பவர்கள் 30 அங்குலக் குறுகிய ஸ்கேல் பேஸை எடுத்துப் பார்க்கலாம்.

இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல், மேலானது என்ற ஒரே எண்ணத்தில் மாற்றும்போதுதான் கணக்கு உதைக்கிறது. தொடக்கநிலைக் கருவியை விற்கப் போனால் வாங்கியதில் பெரும்பகுதி திரும்பி வராது. புதியதற்கு நல்ல பை, கம்பி, முதல் செட்டப், இவற்றுக்காகக் கடைக்குப் போய்வரும் செலவு எல்லாம் தனி. ஆக்டிவ் பேஸாக இருந்தால் 9 வோல்ட் பேட்டரியும் சேரும். கேபிளைச் சொருகியபடியே விட்டால் வாசிக்காதபோதும் அது கரைந்துகொண்டிருக்கும் என்பது பலருக்கு நிகழ்ச்சி நடுவில்தான் தெரியவருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கினால் வரி குறையும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து நாடு முழுவதும் ஒரே விகிதம்தான். திருவனந்தபுரத்துக்குப் போவதில் உள்ள ஆதாயம் கருவியைக் கையில் எடுத்து வாசித்துப் பார்க்க முடிவது மட்டுமே. அது பெரிய ஆதாயம் என்பதையும் சொல்ல வேண்டும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்குவையரின் ஃபிரெட்போர்டில் (ஃபிரெட்டுகள் பதித்த மரப்பலகை) இந்தியன் லாரல் என்று குறிப்பிடப்படுவது கருமருது. விலை கூடியவற்றில் இந்தியன் ரோஸ்வுட் என்று வருவது ஈட்டி. இரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரங்கள். ஈட்டி அழகான மரம், தொட்டால் விரலுக்கு இதமாக இருக்கும். அதற்காக ஒருவர் பணம் கொடுத்தால் அதில் தவறில்லை. ஆனால் மின் பிக்கப் வழியாக மைதானத்துக்குப் போய்ச் சேரும் ஒலியில் இந்த இரண்டு மரங்களையும் கேட்டுப் பிரித்தறிய முடியும் என்று நான் நம்பவில்லை.

பழைய கருவி வாங்குவதானால், ஃபிரெட் ஃபிரெட்டாக ஒவ்வொரு சுரத்தையும் வாசித்துப் பார்க்க வேண்டும். நெக்கை ஒரு கண்ணால் நீளவாக்கில் நோக்க வேண்டும். டிரஸ் ராடின் திருகு தேய்ந்து வழுக்காமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

## ஐந்து கம்பி ஒன்றைச் சேர்த்துக்கொள்வது

வாங்குவதற்கு நான் மனமார ஒப்புக்கொள்ளும் காரணம் இதுதான், ஏனென்றால் இங்கே தேவையைச் சுரத்தின் பெயரோடு சொல்ல முடியும். பாடகரின் குரலுக்கு ஏற்றபடி கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிக்கொள்கிறார். பேஸ்காரருக்கு அந்தப் பொத்தான் இல்லை. பாடல் ஈ-ஃபிளாட்டிலோ டி-யிலோ சி-யிலோ அமைந்தால், நான்கு கம்பியில் அதன் ஆதார சுரம் அடியில் கிடைக்காது. ஒரு ஸ்தாயி மேலேறித்தான் வாசிக்க வேண்டும். பல்லவி முடிந்து எல்லோரும் ஒன்றாக இறங்கும் இடத்தில் பேஸ் மட்டும் மேலே நிற்பது கேட்பவருக்கும் குறையாகத் தெரியும். ஒரே இரவில் தமிழும் மலையாளமும் கலந்து, நான்கைந்து பாடகர்களுக்கு வாசிக்கும் கானமேளைக் கலைஞருக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஐந்தாவது கம்பி தரும் பி சுரம் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கி இந்தக் குறையை முழுவதுமாகத் தீர்க்கிறது.

எனினும் அதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று உண்டு: ஈ கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி டி-க்குக் கொண்டுவருவது. டி, ஈ-ஃபிளாட் இரண்டும் கிடைத்துவிடும்; அந்த ஒரு கம்பியில் மட்டும் விரல் இடங்கள் இரண்டு ஃபிரெட் தள்ளிப் போவதைப் பழகிக்கொள்ள வேண்டும். நான்கு கம்பியையே பி, ஈ, ஏ, டி என்று கட்டுவது இன்னொரு வழி. தடித்த பி கம்பிக்காக நட்டின் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், அப்படி அராவியதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஐந்து கம்பியின் மறைமுகச் செலவுகள்: கம்பி செட்டின் கூடுதல் விலை, கருவியின் கூடுதல் எடை, வாசிக்காத பி கம்பி தானாக அதிர்ந்து முனகாதபடி கட்டைவிரலால் அடக்கப் பழகும் மாதங்கள். மலிவான ஐந்து கம்பிப் பேஸ்களில் அந்த பி கம்பிதான் தளர்ந்து தொளதொளவென்று ஒலிக்கும். வாங்கும்போது முதலில் வாசிக்க வேண்டியது அதைத்தான்.

சேர்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்விக்குப் பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கலைஞர் பால் மெக்கார்ட்னியை நான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1961இல் ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 30 பவுண்டுக்கு ஹோஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். பின்னர் 1963இல் அதே வகையில் இன்னொன்று வந்தது. வேறுவகை ஒலி தேவைப்பட்ட காலத்தில், 1965 முதல், ரிக்கன்பேக்கரையும் வாசித்தார். அதற்காக ஹோஃப்னரைக் கைவிடவில்லை. அந்த 1963ஆம் ஆண்டுக் கருவியோடுதான் முதுமையிலும் மேடையேறுகிறார்.

## குறையை வைத்துப் பார்த்தால்

| கேட்கும் குறை | முதலில் பார்க்க வேண்டியது | புதிய பேஸ் தீர்க்குமா |
|---|---|---|
| ஒலி மந்தமாக, முனகலாக இருக்கிறது | டி.ஐ. இல்லாத நேரடி இணைப்பு, பழைய கம்பி | பெரும்பாலும் தீர்க்காது |
| மேல் ஃபிரெட்டுகளில் சுருதி விலகுகிறது | இன்டொனேஷன், கம்பியின் வயது | தேவையில்லை |
| விரல் சீக்கிரம் களைக்கிறது | கம்பியின் உயரம், நெக் வளைவு | நெக் அகலமே காரணமானால் மட்டும் |
| தோள் வலி | அகலமான பட்டை, கருவியின் எடை | எடை குறைந்ததானால் தீர்க்கும் |
| குமிழைத் திருப்பினால் கரகரப்பு | கான்டாக்ட் கிளீனர் | தேவையில்லை |
| டி, சி சுருதிகளில் அடிச்சுரம் இல்லை | ஈ கம்பியை இறக்கிப் பார்ப்பது | ஐந்து கம்பி தீர்க்கும் |

ஞாயிறு ஆராதனையிலும் கிறிஸ்துமஸ் கேரலிலும் மட்டும் வாசிப்பவருக்கு முதல் இரண்டு தேர்வுகளும் சேர்ந்தே போதுமானவை. புதிய கம்பி, ஒரு செட்டப், ஒரு டி.ஐ.; அதற்கு மேல் செலவிட வேண்டிய தேவை எதையும் நான் காணவில்லை. உற்சவ காலம் முழுவதும் கானமேளைக்குப் போய் அதில் வருமானம் பார்ப்பவர், டி.ஐ.யை முதலில் வாங்கிவிட்டு, பிறகு ஐந்து கம்பிக்குச் சேமிக்கலாம். நான்கு கம்பியை விற்க வேண்டாம், மேடையில் ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். முறுக்கிய நெக்கோடு போராடுபவர் மட்டும் தயங்காமல் மாற்றிவிடலாம்.

இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்கள், ஒரு பருவம் முழுவதும் ஒரு சிறிய குறிப்பேட்டைப் பேஸ் பையில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும், கருவியால் வாசிக்க முடியாமல் போனது எது என்று பாடலின் பெயரோடும் சுரத்தோடும் எழுதுங்கள். கையால் முடியாமல் போனதை வேறு பக்கத்தில் எழுதுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தொடங்கி, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை முடியும்வரை எழுதினால் எல்லாவகைப் பாடலும் எல்லாவகை மேடையும் அதில் வந்துவிடும். முதல் பக்கத்தில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கே எடுக்கும் ஒவ்வொரு பேஸிலும் முதலில் அந்தச் சுரத்தை வாசித்துப் பாருங்கள். இரண்டாவது பக்கம் நிறைந்து முதல் பக்கம் வெறுமையாக இருந்தால், சேர்த்த பணத்தில் ஒரு செட் கம்பிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வங்கியிலேயே விட்டுவிடலாம்.